டிரான்ஸ்பார்மர் ஆயில் சுத்தமாக இருந்தால் இன்னும் 10 வருஷம் ஓடுமா?

அந்தேரி எம்ஐடிசி தொழிற்பேட்டையில் 22 வயது டிரான்ஸ்பார்மர், வருஷாவருஷம் ஆயில் ஃபில்டர் செய்கிறீர்கள், பிடிவி (ஆயில் எத்தனை வோல்டேஜ் வரை தாங்கும் என்ற அளவு) 60 கேவி வருகிறது, இன்னும் பத்து வருஷம் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 60 ஆயிலின் கதை மட்டும்தான். ஆயிலை மாற்றிவிடலாம். காயிலில் சுற்றிய கிராஃப்ட் பேப்பரை மாற்ற வேண்டுமானால் ரீவைண்டிங்தான், அதாவது காயிலையே புதிதாகச் சுற்ற வேண்டும்.

அந்தப் பேப்பர் செல்லுலோஸ் சங்கிலி. புதிதில் ஒரு சங்கிலிக்குச் சுமார் 1000 கண்ணிகள். இந்த எண்ணிக்கைக்கு டிபி என்று பெயர். சூடும் ஈரமும் ஆக்சிஜனும் ஆயிலில் சேரும் அமிலமும் அதை நறுக்கிக்கொண்டே இருக்கும். 200க்கு இறங்கினால் ஆயுள் முடிந்தது. அப்போதும் இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் நன்றாகவே காட்டலாம், அதுதான் வம்பு. ஆயிலில் ஊறிய பழைய பேப்பர் வோல்டேஜைத் தாங்கிவிடும், இழுப்பைத் தாங்காது. வெளியே ஒரு கேபிள் ஷார்ட் ஆகி காயில் உதறும்போது அப்பளமாக நொறுங்கும்.

சாதாரண பேப்பருக்கு ஹாட் ஸ்பாட், அதாவது காயிலில் மிகச் சூடான இடம், கணக்கு 98 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். 110ல் ஓடினால் கால்வாசி.

ஈரம் இன்னும் மோசம். டாங்கில் உள்ள தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் பேப்பருக்குள் இருக்கிறது. ஃபில்டர் மெஷின் ஆயிலில் இருப்பதை எடுத்துவிட்டுப் போகும். சில வாரங்களில் பேப்பர் மறுபடி ஆயிலுக்குக் கொடுக்கும், பிடிவி இறங்கும். பேப்பர் சிதையும்போது தானே தண்ணீரும் விடும். மும்பை மழைக்காலத்தில் பிரீதரை, அதாவது உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஜெல் டப்பாவை, வாரம் ஒருமுறை பாருங்கள். அடிக் கிண்ணத்தில் ஆயில் இருக்க வேண்டும். நீல சிலிக்கா ஜெல் கீழிருந்து வெளுத்து இளஞ்சிவப்பானால் சரி. மேலிருந்து வெளுத்தால் காற்று வேறு வழியாக நுழைகிறது, கேஸ்கெட்டைப் பாருங்கள். வருஷ ஒப்பந்தக்காரர்கள் பில்லில் ஜெல் விலை போடுவார்கள், டப்பாவைத் திறந்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஃபியூரான் டெஸ்ட், பேப்பர் சிதையும்போது ஆயிலில் கலக்கும் ஃபியூரான்களை அளப்பது. ஃபில்டர் செய்வதற்கு *முன்னால்*, மழையில்லாத நாளில், அடி வால்வில் ஓரிரு லிட்டர் விட்டுவிட்டு, பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள். டிஜிஏவுக்கு (ஆயிலில் கரைந்த வாயுக்களை அளக்கும் டெஸ்ட்) தனியாக ஊசிக்குழலில். சென்டாங் சூத்திரப்படி 2-ஃபர்ஃபியூரால் என்ற ஃபியூரான் 1 பிபிஎம் என்றால் டிபி சுமார் 430. 6 பிபிஎம் என்றால் 210. இது துல்லியமில்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். உண்மைதான், ஆயில் மாற்றியிருந்தாலோ, ஆயிலைச் சுத்தம் செய்யும் ஃபுல்லர்ஸ் எர்த் களிமண் போட்டிருந்தாலோ, வெப்பம் தாங்கும் ரகப் பேப்பராக இருந்தாலோ ஃபியூரான் எண் குறைத்துக் காட்டும். அதனால் ஒரே ரிப்போர்ட்டை நம்பாமல் ஆறு மாதம் விட்டு இன்னொன்று எடுங்கள். டிஜிஏவில் கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு விகிதம் 3க்குக் கீழே விழுந்தால், எங்கோ பேப்பர் கருகுகிறதா என்று உடனே தேட வேண்டும்.

ஃபில்டர் பில்லுக்குக் கண்ணை மூடிக் கையெழுத்து போடும் பர்ச்சேஸ்காரர்கள், லேப் கட்டணத்துக்கு மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். இங்கே கேள்வி கேட்பவர்களும் நேம்பிளேட்டைப் போடுவதே இல்லை. கேவிஏ, தயாரித்த வருஷம், ஆயில் எப்போது மாற்றியது, கோடையில் உச்ச லோடு, இந்த நான்கும் இருந்தால்தான் பத்து வருஷமா இரண்டு வருஷமா என்று பேசவே முடியும்.