பம்ப் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள அம்மா,

"பதினோரு வருஷம் படிக்க வைத்தது நீச்சல் குளம் கழுவவா?" என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளை கோலாலம்பூர் மோண்ட் கியாராவில் ஏதோ ஒரு காண்டோ அடுக்குமாடியில் வலையைப் பிடித்து இலை அள்ளுகிறான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல வாய் வராதுதான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் இந்த மாதிரி வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல. குளத்துப் பம்பும் வடிகட்டியும் இருக்கும் பம்ப் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்பேன். குளத்தைப் பராமரிக்க வாரத்துக்கு இரண்டு முறை வந்து போகும் குத்தகைக்காரரிடம் என்றால், உங்கள் பையன் மூன்று வருஷம் கழித்தும் இலைதான் அள்ளுவான். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: குத்தகையை நிறுத்திவிட்டார்கள், "நீயே கற்றுக்கொண்டு பார்" என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் சாவி அவன் கைக்கு வரப்போகிறது. இப்போது அவனைத் தடுக்காதீர்கள்.

கணக்கில் மட்டம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கணக்கு அவனைத் தேடி வரும். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் குளத்தில் 300,000 லிட்டர் தண்ணீர். குளோரினை 1 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஏற்ற 300 கிராம் சுத்தக் குளோரின் வேண்டும். கையில் இருப்பது 65 சதவீதக் குளோரின் தூள் என்றால் சுமார் 460 கிராம். குத்துமதிப்பாக அள்ளிப் போடுகிறவனுக்கும் நிறுத்துப் போடுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்., தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8 வரை. இந்த இரண்டு எண்களும் தூக்கத்திலும் நினைவிருக்க வேண்டும். பி.எச். 8 ஆகிவிட்டால் போட்ட குளோரினில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் வீரியமாக நிற்கும். வெயில் இன்னொரு திருடன். வெயிலிலிருந்து காக்கும் நிலைப்படுத்தி சேர்க்காத குளோரினைக் கோலாலம்பூர் மத்தியான வெயில் சில மணி நேரத்திலேயே தின்றுவிடும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு போடுவதுதான் வழக்கம். சாயங்கால இடிமழை வேறு தண்ணீரைக் கலைத்துவிடும். மறுநாள் காலையில் சோதிக்காமல் யாரையும் இறங்க விடக்கூடாது.

"நாற்றம் வருது, கண் எரியுது, குளோரினைக் கொட்டிட்டியா?" என்று குடியிருப்பவர்கள் திட்டுவார்கள். பெரும்பாலும் கதை தலைகீழ். குளோரின் போதாமல், இருப்பது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்துகொள்ளும்போதுதான் அந்த நெடி வரும். இதைக் கோபப்படாமல் விளக்கிச் சொல்ல அவன் பழக வேண்டும். பாதி வேலை அதுதான்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன், குளோரின் இருந்தால் மாதிரித் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. மாத்திரை போட்டுப் பார்த்தான். தண்ணீர் நிறமே மாறவில்லை. குளோரின் இல்லை என்று நினைத்து இரண்டு இரவு மேலும் போட்டான். குளோரின் அளவுக்கு மீறி இருந்தாலும் அந்த இளஞ்சிவப்பு வெளுத்து மறைந்துவிடும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளின் நீச்சலுடை சாயம் போன பிறகுதான் தெரிந்தது. சந்தேகம் வந்தால் மாதிரித் தண்ணீரில் நல்ல தண்ணீர் கலந்து மறுபடி சோதிக்க வேண்டும். இதை அவனிடம் இன்றே சொல்லுங்கள்.

மணல் வடிகட்டி பெரிய வித்தை இல்லை. சுத்தமாக இருந்தபோது காட்டிய அழுத்தத்தைவிட அழுத்த மீட்டர் 8 முதல் 10 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) ஏறினால், தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவ வேண்டும். பம்பை நிறுத்திய பிறகுதான் வால்வைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் வால்வு போய்விடும்.

தாயாக நீங்கள் பயப்பட வேண்டியது குளத்து மருந்துச் சாமான் வைக்கும் அறைக்குத்தான். குளோரின் தூளான கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் இன்னொரு வகைக் குளோரினான டிரைகுளோர் மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். இதற்கு ஒரு கரண்டி, அதற்கு வேறொரு கரண்டி. குளோரினும் ஆசிடும் கலந்தால் விஷவாயு. ஆசிடைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிடில் ஊற்றக்கூடாது. கையுறை, கண்ணாடி, முகக்கவசம் தரவில்லை என்றால் அந்த வேலையே வேண்டாம். மின்பெட்டியையும் அவன் திறக்கக்கூடாது. அது எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேன் வேலை.

சம்பளச் சீட்டில் இ.பி.எப். சேமநிதி, சொக்சோ சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். குறைந்தபட்ச சம்பளம் இப்போது 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதற்குக் கீழே யாருக்கும் தலையாட்ட வேண்டாம்.

அடுத்து ஒரு நோட்டு. தேதி, குளோரின், பி.எச்., மீட்டர் அழுத்தம், போட்ட மருந்து, வந்த கோளாறு, பழுது பார்க்கும்போது எடுத்த படம். நோட்டு எதற்கு என்று கேட்பான். திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே.யில் பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது. வகுப்பில் உட்காராமல், செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். எந்தத் துறையில் என்பதைப் பிறகு பார்ப்போம். பம்ப், குழாய், கட்டடப் பராமரிப்பு என்று அவன் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். மூன்றாம் நிலை தாண்டினால் நான்காவது டிப்ளோமா. மின்சாரத்தில் ஆசை வந்தால் வயர்மேன் படிப்பு. காண்டோவில் குளத்துக்குப் பக்கத்திலேயே லிப்ட், தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கின்றன. கண் திறந்திருந்தால் போதும்.

ஆறு மாதம் கழித்து இருவரும் வாருங்கள். எஸ்.பி.எம். சிலிப் தேவையில்லை, அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். தம்பிக்கு நீச்சல் தெரியுமா? தெரியாது என்றால் முதல் மாதச் சம்பளத்திலேயே அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.