இரு அவைகளும் நிறைவேற்றியும் தீர்மானம் ஏன் செத்தது?

அதிபரின் வீட்டோவை (மறுப்பை) முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எல்லைச் சுவருக்காக அதிபர் டிரம்ப் அறிவித்த அவசரநிலையை ரத்து செய்யும் 2019 தீர்மானம் அமெரிக்க செனட்டில் 59-41 என்று நிறைவேறியது. டிரம்ப் மார்ச் 15 அன்று வீட்டோ செய்தார். அதை முறியடிக்கப் பிரதிநிதிகள் சபையில் நடந்த வாக்கெடுப்பு 248-181, தேவைப்பட்டதோ 286.

இரு அவைகளும் நிறைவேற்றினாலே போதும் என்ற குழப்பத்தின் வேர் பழைய சட்டமாக இருக்கலாம். 1976 தேசிய அவசரநிலைச் சட்டப்படி அதிபரின் கையெழுத்தே இல்லாமல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அவசரநிலையை முடிக்க முடிந்தது. 1983இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய ‘சட்டமன்ற வீட்டோ’ செல்லாது என்றது. 1985இல் அதற்கேற்பச் சட்டத்தையும் திருத்தினார்கள். காங்கிரஸ் தன் கையில் வைத்திருந்த கடிவாளம் அப்போதே நழுவிவிட்டது என்பேன்.

வேறு தீர்மானங்களைப் பார்க்கும்போது மொத்த உறுப்பினர் எண்ணிக்கையை விடுங்கள். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கைக் கணக்கிடுங்கள், இரு அவைகளிலும் தனித்தனியாக.

ஒன்று: இது அமெரிக்கக் கணக்கு. பிரேசிலில் வீட்டோவை முறியடிக்க அறுதிப் பெரும்பான்மையே (மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல்) போதும்.