பக்கெட் தண்ணில கங்கை

சார் வணக்கம். அப்பா அஸ்தி கரைக்க காசி போயிருந்தேன். படித்துறைல நின்னு பாத்தா அழுகின பூ, பிளாஸ்டிக் கவர், முங்க மனசே வரல, தலைல தெளிச்சுக்கிட்டு வந்துட்டேன். அம்மா இங்க டெய்லி பாத்ரூம்ல 'கங்கே ச யமுனே சைவ' சொல்லி ஊத்திக்கறாங்க. மெட்ரோ வாட்டர கங்கைனு சொல்லி நம்மள நாமே ஏமாத்திக்கறோமா?
வாசகர், மேற்கு மாம்பலம்

வணக்கம். அம்மா சொல்ற ஸ்லோகத்தோட கடைசிய கவனிங்க, 'ஜலேஸ்மின் சந்நிதிம் குரு', இந்தத் தண்ணில வந்து இருங்கனு கூப்பிடறது, இதுதான் கங்கைனு யாரும் சாதிக்கல. கூப்பிடற ஏழு பேர்ல சரஸ்வதி கண்ணுக்கே தெரியாதவ, சிந்து முக்கால்வாசி பாகிஸ்தான்ல ஓடுது, விசா இல்லாம அவளும் மாம்பலம் பக்கெட்டுக்கு வர்றா. காவேரி நெஜமாவே வர்றா சார், 2004லேர்ந்து வீராணம் தண்ணி பைப்ல சென்னைக்கு வருதே, அது கொள்ளிடத்துலேர்ந்து வடவாறு வழியா ஏரிக்கு வர்ற காவேரிதான். கண்டலேறுலேர்ந்து பூண்டிக்கு வர்றது கிருஷ்ணா, திட்டத்துக்கு பேரு தெலுங்கு கங்கை (பாவம், கிருஷ்ணாவுக்கு அந்த ஸ்லோகத்துல இடம் கிடைக்கல).

அழுக்குனு தோணினதுல தப்பே இல்ல. என்ன கொட்டினாலும் கங்கை கெடாதுனு சொல்றவங்கள எனக்குப் பிடிக்காது, கெடாதுன்னா 1986ல அத சுத்தம் பண்ண ஒரு திட்டம் எதுக்கு ஆரம்பிச்சாங்க? தெளிச்சுக்கிட்டீங்கல்ல, ப்ரோக்ஷணம்னு அதுக்கும் முறை இருக்கு, போதும்.

மாயவரத்துல கதையே தலைகீழ். ஜனங்க இறக்கி வெச்ச பாவத்த கழுவிக்க ஐப்பசி மாசம் கங்கையே காவேரிக்கு வர்றாளாம், கடைசி நாள் கடைமுழுக்கு, அதுக்கு வந்து சேர முடியாத ஒரு முடவனுக்காக கார்த்திகை 1ம் தேதி முடவன் முழுக்குனு ஒரு நாள் எக்ஸ்ட்ரா. எனக்கு இந்த எக்ஸ்டென்ஷன்தான் ரொம்ப பிடிக்கும், உங்களுக்கும் ஆகும்.

எங்க பாட்டி பூஜை அலமாரில காசி சொம்பு ஒண்ணு, ஈயம் வெச்சு அடைச்சது, முப்பது வருஷமா யாரையும் தொட விடல, கடைசில என் வாய்ல விடறதுக்குடானு சொல்லிட்டே இருப்பா. அந்த நாள் வந்து உடைச்சு பாத்தா அடில ரெண்டு ஸ்பூன்தான் இருந்துது, மூடி ஓரத்துல எங்கயோ லீக் போல. பேரன் பேத்தி பதினோரு பேரு. சித்தி சமையல்கட்டு குழாய்லேர்ந்து கொஞ்சம் பிடிச்சு அதுல சேத்தா, ஆளுக்கொரு உத்தரணி விட்டோம்.