முழு மார்பையும் எடுத்தால்தான் பிழைக்க முடியுமா? மார்பகப் புற்றுநோய்: கேள்விகளும் ஓர் அறுவை மருத்துவரின் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் நோயாளிகளே எழுதியவை குறைவு. மகள், மகன், கணவர், நாத்தனார் எழுதியவைதான் அதிகம். பெரும்பாலானவற்றில் ஒரே பயம்: குறைவாக வெட்டினால் நோய் திரும்பி வந்துவிடுமோ? அண்மைக்கால ஆய்வுகள் பலவும் இந்தப் பயத்தைத்தான் சோதித்துப் பார்த்திருக்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்காமல்தான் பதில் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்க முடிந்தால் அதுவே எனக்கு வேண்டும்.

அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பில் 2 செ.மீ. கட்டி. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தால் போதும் என்கிறார் டாக்டர். பெரியம்மாவோ, 'அரைகுறையா விடாதீங்க, முழுசா எடுக்கச் சொல்லுங்க' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– மகள், மதுரை

டாக்டர் பேச்சைக் கேளுங்கள். பெரியம்மாமீது கோபப்படவும் வேண்டாம். ஒரு காலத்தில் டாக்டர்களே அவரைப் போலத்தான் நினைத்தார்கள். 1890களில் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பு, அதற்கு அடியில் உள்ள நெஞ்சுத் தசை, அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்கும் முறையைப் பரப்பினார். முக்கால் நூற்றாண்டுக்கு அதுதான் வேதவாக்கு. விலா எலும்பு தெரிய, கையைத் தூக்க முடியாமல் வாழ்ந்த பெண்கள் ஏராளம்.

1970களில் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் அதைக் கேள்வி கேட்டார்கள். ஃபிஷரின் ஆய்வில் 1,851 பெண்கள். கட்டி 4 செ.மீ. வரை. சிலருக்கு முழு மார்பும் எடுக்கப்பட்டது, சிலருக்குக் கட்டி மட்டும், சிலருக்குக் கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. 20 ஆண்டு காத்திருந்து 2002இல் கணக்கை வெளியிட்டார்கள். உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் மூன்று குழுக்களுக்கும் இடையே வித்தியாசமே இல்லை. அதே ஆண்டு வெளியான வெரோனேசியின் 20 ஆண்டு முடிவும் இதையே சொன்னது.

ஆனால் பெரியம்மாவின் பயத்துக்கு இன்னொரு பதிலும் அந்த ஆய்வில் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு வைக்காமல் விட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14 சதவீதம்தான். அதுவும் அந்தக் காலத்துக் கணக்கு. இன்றைய மருந்துகளோடு இது இன்னும் குறைவு. ஆகவே மார்பைக் காப்பாற்றும் அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்துதான் ஒரு சிகிச்சை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதற்கு வராமல் இருந்துவிடுவதுதான் அரைகுறை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மார்பின் பல பகுதிகளில் நோய் பரவலாக இருந்தாலோ, அதே இடத்தில் முன்பே கதிர்வீச்சு வைத்திருந்தாலோ, கட்டியைச் சுற்றி வெட்டிய ஓரத்தில் திரும்பத் திரும்பப் புற்றணு தெரிந்தாலோ முழு மார்பையும் எடுக்க வேண்டி வரும். அறுவைக்குப் பின் வரும் பயாப்ஸி (திசுச் சோதனை) ரிப்போர்ட்டில் 'ஓரம் சுத்தமா?' என்று தவறாமல் கேளுங்கள்.

ஊசி போட்டு பயாப்ஸி எடுத்தால் புற்றுநோய் பரவும் என்று ஊரில் சொல்கிறார்களே?
– வாசகர், கோவில்பட்டி

பரவாது. ஊசி பயாப்ஸி செய்யாமல் நேராகக் கத்தி வைப்பதுதான் கெடுதல். எந்த வகைப் புற்று என்று தெரியாமல் சிகிச்சையின் வரிசையையே முடிவு செய்ய முடியாது.

வலது மார்பில் நோய் வந்து சிகிச்சை முடிந்தது. நிம்மதிக்காக இடது மார்பையும் எடுத்துவிடலாமா?
– 46 வயது வாசகி, திருச்சி

உங்கள் தூக்கமில்லாத இரவுகள் எனக்குப் புரிகின்றன. கனடா ஆய்வாளர்கள் அமெரிக்கப் பதிவேட்டுத் தரவுகளை அலசி 2024இல் வெளியிட்ட முடிவைச் சொல்கிறேன். இரண்டு மார்பையும் எடுத்தவர்களுக்கு மறுபக்கத்தில் புற்று வருவது வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் 20 ஆண்டில் மார்பகப் புற்றால் இறந்தவர்களின் விகிதம் எல்லாக் குழுவிலும் 16 – 17 சதவீதம்தான். மறு மார்பை எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதலில் வந்த நோய் வேறு உறுப்புக்குப் போகிறதா என்பதுதான்.

இந்தப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்கள் கதை வேறு. அம்மா, அக்கா, சித்தி என்று குடும்பத்தில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் முதலில் மரபணுச் சோதனை செய்யுங்கள். இந்த முடிவு அதற்குப் பிறகுதான்.

மனைவிக்கு அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுப்பார்களாம். என் சின்னம்மாவுக்கு அப்படி எடுத்த பிறகு கை யானைக்கால் போல வீங்கிவிட்டது. தவிர்க்க வழி உண்டா?
– கணவர், ஈரோடு

நான் நீண்ட பதில் எழுத ஆசைப்பட்ட கேள்வி இது. அக்குள் நெறிகளைக் கூண்டோடு எடுத்தால் கையிலிருந்து நிணநீர் வடியும் பாதை அடைபடும். அதனால்தான் வீக்கம். சிலருக்கு அது வாழ்நாள் முழுக்க நீடிக்கும். வளையல் ஏறாது, குடம் தூக்க முடியாது, சின்னக் காயம் பட்டாலும் சீழ் பிடிக்கும். இதைத் தாங்கிக்கொண்டு 'உயிர் பிழைத்ததே போதும்' என்று சொன்ன பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனையில் ஒரு பகுதி தேவையில்லாதது என்பது பின்னால்தான் தெரிந்தது.

மார்பிலிருந்து புற்றணு கிளம்பினால் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிகள் உண்டு. சென்டினல் நோட் என்பார்கள். சாயமோ கதிரியக்கத் திரவமோ செலுத்தி அவற்றை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கிறோம். சுத்தமாக இருந்தால் மற்ற நெறிகளைத் தொடுவதில்லை. ஒன்றிரண்டில் நோய் இருந்தாலும், மார்பைக் காத்துக் கதிர்வீச்சும் பெறுபவர்களுக்கு மீதியை எடுக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க ஆய்வு ஒன்றின் 10 ஆண்டு முடிவு 2017இல் சொன்னது. உயிரோடு இருந்தவர்கள் எடுக்காத குழுவில் 86 சதவீதம், எடுத்த குழுவில் 84.

இப்போது அதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். சின்னக் கட்டி, அக்குள் ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்றால் அந்த ஒன்றிரண்டு நெறிகளையாவது எடுக்க வேண்டுமா? மிலானில் தொடங்கிய 'சவுண்ட்' என்ற ஆய்வு 2 செ.மீ. வரை கட்டி உள்ளவர்களைப் பார்த்தது. 5 ஆண்டில் வேறு உறுப்புக்கு நோய் போகாமல் இருந்தவர்கள் நெறி எடுத்தவர்களில் 97.7 சதவீதம், எடுக்காதவர்களில் 98. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த இன்செமா ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் வந்தது. அதிலும் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கை வீக்கம் மட்டும் 5.7 சதவீதத்திலிருந்து 1.8 சதவீதமாகக் குறைந்தது.

இந்தச் சலுகை பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற, ஹார்மோன் சார்ந்த, வேகம் குறைந்த சின்னக் கட்டி உள்ளவர்களுக்குத்தான். நம் ஊரில் பலர் கட்டி பெரிதான பிறகே வருகிறார்கள். அவர்களுக்கு இது பொருந்தாது. உங்கள் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "அக்குளை அல்ட்ராசவுண்டில் பார்த்தாயிற்றா? சென்டினல் நோட் மட்டும் எடுத்துப் பார்க்கும் வசதி இங்கே இருக்கிறதா?" இரண்டாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், வசதி உள்ள மருத்துவமனைக்குப் போவதால் ஆகும் ஒரு வாரத் தாமதத்தில் எதுவும் கெட்டுவிடாது.

கீமோ போட்டதும் கட்டி கரைந்துவிட்டது. கையில் தட்டுப்படவே இல்லை. இனி ஆபரேஷன் எதற்கு?
– வாசகி, தருமபுரி

தயவுசெய்து ஆபரேஷனுக்குப் போங்கள். இந்தக் கட்டத்தில் பயணத்தை நிறுத்திக்கொண்டு, ஒரு வருடம் கழித்துப் புண்ணாகித் திரும்பி வந்தவர்களைப் பார்த்த வலியோடு எழுதுகிறேன். கையில் தட்டுப்படவில்லை, ஸ்கேனில் தெரியவில்லை என்றாலும் உள்ளே அணுக்கள் மிச்சம் இருக்கலாம். எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். மிச்சம் இருந்தால் கூடுதல் மருந்து தர வேண்டுமா என்பதையும் அந்த ரிப்போர்ட்தான் சொல்லும்.

அறுவையே இல்லாமல் விடலாமா என்று அமெரிக்காவின் டெக்சாஸில் ஓர் ஆய்வு நடந்தது உண்மைதான். ஹெர்-2 (புற்றணுவை வளரத் தூண்டும் ஒரு புரதம் மிகுந்தது), ட்ரிபிள் நெகட்டிவ் (ஹார்மோனையோ ஹெர்-2வையோ சாராதது) வகை நோய் உள்ள 50 பெண்கள். கீமோவுக்குப் பின் தடித்த ஊசியால் கட்டி இருந்த இடத்திலிருந்து குறைந்தது 12 துண்டு எடுத்துப் பார்த்தார்கள். 31 பேருக்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தார்கள். 2022இல் வெளியான முடிவில் யாருக்கும் நோய் திரும்பவில்லை. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் 31 பேரை வைத்து உங்களுக்கு வழி சொல்ல மாட்டேன். கட்டி இருந்த இடத்தில் கீமோவுக்கு முன்பே அடையாளத்துக்காகச் சின்ன உலோகக் கிளிப் வைத்திருந்தால் அறுவையும் சிறியதாக முடியும்.

அக்காவுக்கு 38 வயது, ட்ரிபிள் நெகட்டிவ். லட்சக்கணக்கில் ஆகும் இம்யூனோதெரபி ஊசி இல்லாவிட்டால் வழியே இல்லையா?
– தம்பி, சேலம்

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் அந்த ஊசிக்குப் பலன் இருக்கிறது. பெம்ப்ரோலிஸுமாப் என்ற அந்த மருந்தைக் கீமோவோடு சேர்த்த ஆய்வில் 5 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 86.6 சதவீதம், சேர்க்காதவர்களில் 81.7. முடிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். முடியாதவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்ல. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை, விலை குறைந்த பழைய மருந்தான கார்போபிளாட்டினை வழக்கமான கீமோவோடு சேர்த்து 720 பெண்களிடம் சோதித்தது. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 5 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 66 சதவீதத்திலிருந்து 77 ஆக உயர்ந்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதினரிடம் அந்தப் பலன் தெரியவில்லை. உங்கள் அக்கா முதல் பிரிவில் இருக்கிறார். 'கார்போபிளாட்டின் சேர்க்கிறீர்களா?' என்று கேளுங்கள். வீட்டை அடகு வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுற்றி மரப்பு ஊசி போட்டால் ஆயுள் கூடும் என்று செய்தி படித்தேன். உண்மையா?
– வாசகர், புதுச்சேரி

உண்மையான ஆய்வு, அதுவும் நம் நாட்டில் நடந்தது. டாட்டா மெமோரியலின் ராஜேந்திர பட்வேயும் குழுவினரும் ஏறத்தாழ 1,600 பெண்களில் பாதிப் பேருக்கு, கத்தி வைக்கச் சில நிமிடங்களுக்கு முன் கட்டியைச் சுற்றி லிடோகெயின் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தினார்கள். 5 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 ஆனார்கள். முடிவு 2023இல் வெளியானது. அறுவையின்போது கிளறப்படும் அணுக்கள் பரவுவதை மருந்து தடுக்கிறது என்பது அவர்கள் கருத்து. கீமோ இல்லாமல் நேராக அறுவைக்குப் போனவர்களிடம் மட்டும் செய்த ஆய்வு இது. வேறு நாடுகளிலும் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பவர்கள் உண்டு. சரிதான். ஆனால் ஆபத்து மிகக் குறைந்த, மலிவான ஊசி என்பதால் என் கட்சி பட்வே பக்கம்தான்.

கதிர்வீச்சுக்குத் தினமும் 60 கி.மீ. பஸ்ஸில் போய்வர வேண்டும். ஆறு வாரம் தாங்குமா?
– வாசகி, கள்ளக்குறிச்சி

ஆறு வாரம் இப்போது பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. மூன்று வாரம் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. பிரிட்டனில் 4,096 பேரிடம் நடந்த ஆய்வு, 5 நாளில் முடியும் கதிர்வீச்சு மூன்று வாரத்துக்கு இணையானது என்று 2020இல் காட்டியது. அக்குளுக்கும் சேர்த்து வைக்க வேண்டியவர்களுக்கு டாக்டர் மூன்று வாரம் சொல்லலாம். '5 நாள் முறை எனக்கு ஆகுமா?' என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பஸ் தூரம் ஒரு மருத்துவக் காரணம்தான். பாதியில் நின்றுபோகும் சிகிச்சைகள் பலவற்றுக்குப் பின்னால் அதுதான் இருக்கிறது.

அத்தைக்கு நோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் போய்விட்டது. மார்புக் கட்டியையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறோம். டாக்டர் மறுக்கிறார். கைவிட்டுவிட்டாரா?
– மருமகள், நாகர்கோவில்

இல்லை அம்மா. வேர் இருக்கும் இடத்தைப் பிடுங்கினால் மரம் பட்டுப்போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். டாட்டா மெமோரியலில் இதே நிலையில் இருந்த 350 பெண்களிடம் சோதித்தார்கள். 2 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் கட்டியை எடுத்தவர்களில் 42 சதவீதம், எடுக்காதவர்களில் 43. அமெரிக்க ஆய்வும் இதையே சொன்னது. துருக்கி ஆய்வு ஒன்று வேறு மாதிரி சொன்னாலும், அதில் அறுவை செய்தவர்களிடையே வேகம் குறைந்த நோய் உள்ளவர்கள் அதிகம். கட்டி புண்ணாகி ரத்தம் கசிந்தால், நாற்றம் வந்தால், அதற்காக எடுப்பது வேறு; அதைச் செய்ய வேண்டும். மற்றபடி அத்தைக்கு உதவப்போவது உடம்பு முழுக்கப் போய்ச் சேரும் மருந்து. பயாப்ஸியில் ஹார்மோன், ஹெர்-2 நிலை என்ன என்று கேளுங்கள். ஹெர்-2 'குறைவு' என்று வந்தவர்களுக்கும், முதல் மருந்துகள் கைகொடுக்காதபோது, டிராஸ்டுஸுமாப் டெருக்ஸ்டிகான் என்ற மருந்து பலன் தருவதாக 2022இல் தெரிந்தது. வலிக்கு மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு 33 வயது. ஹார்மோன் மாத்திரை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். குழந்தை இல்லை. ஐந்து வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

காத்திருக்காமலும் இருக்கலாம். பாசிட்டிவ் என்ற ஆய்வு உங்களைப் போன்றவர்களுக்காகவே நடந்தது. 42 வயதுக்கு உட்பட்ட 500க்கும் மேற்பட்ட பெண்கள், 18 முதல் 30 மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு, கர்ப்பத்துக்காக 2 ஆண்டு வரை நிறுத்தினார்கள். 3 ஆண்டில் நோய் திரும்பியது 8.9 சதவீதம் பேருக்கு. நிறுத்தாத ஒத்த நிலைப் பெண்களின் கணக்கு 9.2 சதவீதம். 2023இல் வெளியானது. நீண்ட காலக் கணக்கு இன்னும் வர வேண்டும். அதிக அபாய நோய் இருந்தவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு முடிவு செய்ய வேண்டும்.

ஹார்மோன் மாத்திரைகளில் ஒன்றான தமாக்ஸிஃபென் சாப்பிட்டுக்கொண்டே கருத்தரிக்கக் கூடாது. மருந்து உடம்பிலிருந்து நீங்கச் சில மாத இடைவெளி வேண்டும். முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரைப் பார்த்து நாள் குறியுங்கள். பிரசவம் முடிந்ததும் மாத்திரையைத் திரும்பத் தொடங்கும் தேதியையும் அப்போதே பேசுங்கள். அந்த ஆய்வில் 317 பெண்கள் குழந்தை பெற்றார்கள்.