வரிச் சங்கிலி எங்கே அறுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விற்பனை வரிக் காலத்திலும் வரி கட்டினோம், இப்போதும் கட்டுகிறோம். பெயரைத் தவிர என்ன மாறியது?
– தரைக்கல் தயாரிப்பாளர், ஆத்தங்குடி

மாறியது வரியின் அடித்தளம். 1939-இல் இராஜாஜி ஆட்சியில், மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்டச் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது விற்பனை வரி, பொருள் கைமாறும்போதெல்லாம் முழு விலை மீதும் விழுந்த பலமுனை வரி. கணக்கு எளிதாக இருக்க, வரி 10 சதவீதம் என்று கொள்வோம். சிமெண்டும் வண்ணமும் 100 ரூபாய். அவை வரியோடு உங்கள் பட்டறைக்கு 110 ரூபாயாக வருகின்றன. உங்கள் உழைப்பும் ஆதாயமும் 100 சேர்ந்து 210, வரியோடு 231. காரைக்குடிக் கடைக்காரர் 50 கூட்டினால் 281. வீடு கட்டுபவர் கொடுப்பது 309 ரூபாய் 10 காசு. உண்மையில் உருவான மதிப்பு 250 ரூபாய்தான். வரியோ 59 ரூபாய் 10 காசு. வரிக்கு மேல் வரி ஏறியதால் வந்த வினை இது.

மதிப்புக் கூட்டு வரியில், வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்கிறோம். ஒருவர் கட்டியதை அடுத்தவர் கழிக்கும் இந்தத் தொடர்தான் வரிச் சங்கிலி. சிமெண்ட் விற்றவர் 10, நீங்கள் 10, கடைக்காரர் 5 என மொத்தம் 25 ரூபாய் மட்டுமே அரசுக்குச் சேரும். வீட்டுக்காரருக்குக் கல் 275 ரூபாய்க்குக் கிடைக்கும். ஐந்தொகை என்னும் கணக்கு எடுத்துப் பழகிய நம் செட்டிநாட்டு ஊராருக்கு இந்த வரவு செலவு உடனே விளங்கும்.

விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பலமுனை வரியில் ஒரு கைமாற்றம் குறைந்தால் ஒரு வரி மிச்சம் என்பதால், எல்லா வேலையையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும் பெரிய நிறுவனம், வெளியில் வாங்கிச் செய்யும் சிறு பட்டறையைத் திறமையால் அல்லாமல் வரியாலேயே வென்றுவிடும். பிற்காலத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு கைமாற்றத்தில் மட்டும் விழும் ஒருமுனை வரியானபோது இக்குறை தணிந்ததே தவிர முற்றிலும் நீங்கவில்லை. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டியும் அதைச் சீர்செய்ய வந்தவை.

அறை வாடகை வரி 12-லிருந்து 5 சதவீதமாகியும் எங்களுக்கு ஏன் மிச்சமில்லை?
– பழைய வீட்டை விடுதியாக நடத்துபவர், கானாடுகாத்தான்

2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம்தான். ஆனால் கட்டிய வரியைக் கழிக்கும் உரிமை, வியாபாரிகள் ‘இன்புட்’ என்பது, அதோடு போய்விட்டது. 4,000 ரூபாய் அறைக்குச் சலவை, பராமரிப்பு முதலியவற்றில் 150 ரூபாய் வரி கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பு அதைக் கழித்தீர்கள். இப்போது அது உங்கள் செலவு. அதை வாடகையில் ஏற்றி 4,150 என்றால், விருந்தினர் வரியோடு தருவது 4,357 ரூபாய் 50 காசு. முன்பு தந்தது 4,480. அறிவிப்பில் 280 ரூபாய்க் குறைப்பு. அவர் கைக்கு எட்டுவது 122 ரூபாய் 50 காசு. ஏற்றாவிட்டால் அந்த 150-ம் உங்கள் ஆதாயத்திலிருந்து போகும். விகிதம் குறைந்தாலும் சங்கிலி அறுந்தால், கழிக்க முடியாத வரி விலைக்குள்ளே மறைந்து தங்கிவிடும். இதை நான் நல்ல வடிவமைப்பாகக் கருதவில்லை.

காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். பில்லில் 1 சதவீத வரியைத் தனியாக வாங்கலாமா?
– பலகாரக் கடைக்காரர், காரைக்குடி

கூடாது. காம்போசிஷன் என்பது சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டிவிடும் எளிய திட்டம். அந்த 1 சதவீதம் உங்கள் விற்றுமுதலிலிருந்து நீங்கள் கட்ட வேண்டியது. வெளிமாநிலத்துக்குச் சீப்புச் சீடை அனுப்பவும் இத்திட்டத்தில் இடமில்லை. அந்த எண்ணம் இருந்தால் வழக்கமான பதிவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது?
– இல்லத்தரசி, தேவகோட்டை

2022 ஜூலை 18 முதல், பெயரும் விவரமும் அச்சிட்டு அடைத்த அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி; அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு வரியில்லை. அதனால் ஆலைகள் ஒரு கிலோ கூட்டிக் கட்டுகின்றன. நுகர்வின் மீதான வரி, வருமானம் முழுவதையும் செலவழித்தாக வேண்டிய வீட்டையே அதிகம் அழுத்தும் என்பதால் உணவுக்கு விலக்குத் தருவது நியாயம். ஆனால் இந்த எடைக்கோடு அதைத் தலைகீழாக்குகிறது: மூட்டையாக வாங்க வசதியுள்ளவர் வரியின்றி வாங்க, மாதச் சம்பளத்தை எண்ணி 5 கிலோ பை வாங்குபவர் வரி கட்டுகிறார். கடையில் சில்லறையாக அளந்து தரும் அரிசிக்கு இன்றும் வரி கிடையாது.