குண்டு ஏன் இலக்குக்கு முன்னால் விழுகிறது?

கேள்வி: உயர்தர மாணவனாகிய நான் வீட்டுக் கணினியில் போர்விமான சிமுலேட்டர் ஒன்றை ஓட்டிப் பழகுகிறேன். அதில் லேசர் குண்டு குறி தப்பாமல் விழுகிறது. ஆனால், மலைப்பாங்கான இடத்திலுள்ள கட்டடமொன்றின் அகலாங்கையும் நெட்டாங்கையும் பிசகாமல் கொடுத்தும் செய்மதி வழிகாட்டலுள்ள ஜேடாம் குண்டு ஒவ்வொரு முறையும் கட்டடத்துக்கு முன்னாலேயே விழுகிறது. உயரத்துக்கான கட்டத்தில் பூச்சியம் என்று இருந்ததை மாற்றவில்லை. இது மென்பொருளின் பிழையா?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: மென்பொருளில் பிழையில்லை, நீங்கள் மாற்றாமல் விட்ட அந்தப் பூச்சியம்தான் காரணம். லேசர் குண்டின் மூக்கில் ஒரு கண் உண்டு. இலக்கில் பட்டுத் தெறிக்கும் ஒளியைப் பார்த்தபடி அது இறங்கும். 1991 வளைகுடாப் போரில் புகையும் தூசியும் முகிலும் அந்தக் கண்ணை மறைத்ததால், 500, 1000, 2000 இறாத்தல் எடையுள்ள சாதாரண குண்டுகளின் வாலில் பூட்டக்கூடிய ஒரு கருவித்தொகுதியை அமெரிக்கா உருவாக்கியது. அதுவே ஜேடாம். அதற்குக் கண் கிடையாது. அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் ஆகிய மூன்று எண்களால் குறிக்கப்படும் புள்ளியை நோக்கி வால் இறகுகளைத் திருப்பிக்கொண்டு போவது மட்டுமே அதற்குத் தெரியும்.

கட்டடம் கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் குறித்த புள்ளியோ தரைக்கு 300 மீற்றர் கீழே, மண்ணுக்குள் கிடக்கிறது. கிடையுடன் 60 பாகையில் இறங்கும் குண்டு அந்தப் புள்ளிக்குப் போகும் வழியில் தரையில் மோதுமிடம், கட்டடத்துக்கு ஏறத்தாழ 173 மீற்றர் முன்னால் அமையும். கோணம் சரிவாகச் சரிவாக இந்தத் தூரமும் கூடும்.

உயரம் என்ற எண்ணிலேயே இன்னொரு பொறி இருப்பதை இலங்கையில் இருப்பவர்கள் சற்றுக் கூடுதலாகவே அறிந்திருக்க வேண்டும். ஜிபிஎஸ் உயரத்தை, புவியின் வடிவத்துக்கு ஈடாகக் கொள்ளப்படும் ஒரு கணித நீள்வட்டத் திண்மத்தின் மேற்பரப்பிலிருந்து அளக்கிறது. தேசப்படங்களோ சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளக்கின்றன. உலகிலேயே இவ்விரண்டும் மிக அதிகமாக விலகுமிடம் நமக்குத் தெற்கே உள்ள இந்து சமுத்திரப் பகுதி. அங்கே கடல் மட்டம் அந்தத் திண்மத்தின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் கருவியுடன் காலிமுகத்திடலில் காற்று வாங்கப் போனால், நீங்கள் கடலுக்கடியில் நிற்பதாகவே அது சொல்லும். கண்டவளை ஆதாரம் எனப்படும், ஜிபிஎஸ் பயன்படுத்துவதிலிருந்து வேறுபட்ட ஆள்கூற்று அடிப்படையில் வரையப்பட்ட நமது பழைய தேசப்படங்களிலிருந்து ஆள்கூறுகளை எடுத்து மாற்றாமல் ஜிபிஎஸ் கருவிக்குக் கொடுத்தால், கிடையாகவும் 200 மீற்றருக்கு மேல் பிசகும்.

குண்டு என்ற சொல்லை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத வாசகர்கள் நம்மிடையே பலர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1999 மே 7 அன்று பெல்கிரேடில் சீனத் தூதரகத்தைத் தாக்கி மூவரைக் கொன்ற ஜேடாம் குண்டுகள் குறி தவறவில்லை. அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட இடமே தவறானது என்று அமெரிக்கா பின்னர் விளக்கம் கூறியது.

கேள்வி: செய்மதிச் சமிக்ஞையைத் தடுத்துவிட்டால் இத்தகைய குண்டு திசை தெரியாமல் போய்விடுமா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: போகாது, ஆனால் நேரம் செல்லச் செல்லத் தடுமாறும். ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அனுப்பும் சமிக்ஞை மிகவும் மெலிந்தது என்பதால் அதைக் குழப்புவது கடினமன்று. எனவே, குண்டின் முதன்மை வழிகாட்டி சடத்துவ முறையாகவே இருக்கிறது. ஜைரோஸ்கோப்புகள் குண்டு எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லும். ஆர்முடுகல்மானிகள் அளக்கும் ஆர்முடுகலை ஒருமுறை தொகையிட்டால் வேகமும், மறுமுறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சியும் கிடைக்கும். செய்மதி அவ்வப்போது கணக்கைத் திருத்திவிடும்.

திருத்தம் நின்றால் என்ன நடக்கும் என்பதை இணைந்த கணிதம் படிப்பவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம். கருவியில் செக்கனுக்குச் செக்கன் 0.01 மீற்றர் அளவுக்கு, அதாவது புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஆயிரத்தில் ஒரு பங்களவுக்கு, மாறாத வழு இருந்தால், பிசகு 30 செக்கனில் 4.5 மீற்றராகவும் 60 செக்கனில் 18 மீற்றராகவும் 100 செக்கனில் 50 மீற்றராகவும் வளரும். நேரம் வர்க்கமாக வருவதால் வரும் வினை இது. ஜேடாமைப் பொறுத்தவரை, ஜிபிஎஸ் கிடைத்தால் 5 மீற்றருக்குள்ளும், கிடைக்காவிட்டால் 100 செக்கன் வரையான பறப்பில் 30 மீற்றருக்குள்ளும் பாதிக் குண்டுகளேனும் விழும் என்பது அமெரிக்க விமானப்படை வெளியிட்ட கணக்கு.

வெள்ளவத்தை வாசகருக்கும் இது உதவும். குண்டு கழலுமுன் தனது தொடக்க நிலையையும் வேகத்தையும் விமானத்தின் கருவிகளிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். நல்ல சிமுலேட்டர்கள் குண்டுக்கு மின்னூட்டியபின் சில நிமிடங்கள் காக்க வைப்பது அதனால்தான். அந்த நேரத்தில் இலக்கின் உயரத்தை அதே சிமுலேட்டரின் தேசப்படத்தில் பார்த்து இடுங்கள். கட்டம் அடியைக் கேட்கிறதா மீற்றரைக் கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள். அடியைக் கேட்கும் இடத்தில் 300 என்று இட்டால், குண்டு அதை 91 மீற்றராகவே எடுத்துக்கொள்ளும்.