டார்டனெல்ஸ் தந்திகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில், முதல் உலகப் போரின்போது 1915 மார்ச் 18 அன்று துருக்கியின் டார்டனெல்ஸ் ஜலசந்தியில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் பட்ட அடியைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பல, சண்டையை விட்டுவிட்டு, கப்பல்களை மட்டும் கொண்டு ஜலசந்தியைக் கடக்கும் அந்தத் திட்டம் எப்படி உருவானது என்று கேட்டன. அதனால் இந்த முறை முழுவதும் அதற்கே.

கேள்வி: கலிப்பொலி (டார்டனெல்ஸ் கரையிலுள்ள தீபகற்பம்) தோல்விக்குச் சர்ச்சில்தான் காரணம் என்று படித்தோம். அன்றைய அரசுக் கடிதங்களும் அதையே சொல்கின்றனவா?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: 1915 ஜனவரி மாதக் கடிதங்களையும் தந்திகளையும் தேதி வரிசையில் அடுக்கிப் படித்துப் பாருங்கள். சர்ச்சிலுக்குப் பெரும் பங்கு இருக்கிறது; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் ஒருவரோடு நிறுத்திவிட முடியாது.

தொடக்கம் ரஷ்யாவிலிருந்து. காகசஸ் மலைப்பகுதியில் துருக்கியர் நெருக்குகிறார்கள், அவர்கள் கவனத்தைத் திருப்ப ஏதாவது செய்யுங்கள் என்று ரஷ்யத் தலைமைத் தளபதி கிராண்ட் டியூக் நிக்கோலஸ் கேட்டார். அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடிலிருந்த பிரிட்டிஷ் தூதர் ஜார்ஜ் புக்கானன் அதை லண்டனுக்குத் தெரிவித்தார். போர் அமைச்சர் கிச்சனர் ஜனவரி 2 அன்று கடற்படை அமைச்சரான சர்ச்சிலுக்கு எழுதினார்: எங்கும் இறக்குவதற்குப் படை இல்லை, கவனத்தைத் திருப்ப ஏதாவது பயன் இருக்குமென்றால் அது டார்டனெல்ஸில்தான், பெரிதாக எதற்கும் இன்னும் சில மாதங்களுக்கு நாம் தயாராக மாட்டோம். கவனத்தைத் திருப்பும் ஒரு மிரட்டல். அவர் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் கடற்படைத் தலைமைத் தளபதி ஃபிஷரும் சர்ச்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். துருக்கியைத் தாக்கலாம், ஆனால் உடனே தாக்க வேண்டும் என்றது அது. அதில் பழைய போர்க்கப்பல்கள் ஜலசந்தியை உடைத்துச் செல்லும் யோசனை இருந்தது. அதோடு, பிரான்ஸ் போர்முனையிலிருந்து 75,000 பழகிய வீரர்களை எடுத்து ஆசியக் கரையில் இறக்குவது, கலிப்பொலிக்குக் கிரேக்கப் படை, துருக்கியின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) பல்கேரியப் படை என்று தரைப்படையின் பெரும் பங்கும் இருந்தது. அத்தனை படைக்கும் அப்போது வழியில்லை. திட்டத்தில் மிஞ்சியது பழைய கப்பல்கள் மட்டும்.

அதே ஜனவரி 3 அன்று, டார்டனெல்ஸுக்கு வெளியே காவலிருந்த கப்பல் பிரிவின் தளபதி துணை அட்மிரல் கார்டனுக்குச் சர்ச்சிலின் தந்தி போனது. கப்பல்களை மட்டும் கொண்டு டார்டனெல்ஸை உடைத்துச் செல்வது நடக்கக்கூடிய காரியமா என்பது கேள்வி. கிடைக்கும் பலனைப் பார்த்தால் கடும் இழப்பையும் ஏற்கலாம் என்ற வரியும் கூடவே இருந்தது. மேலதிகாரி இப்படிக் கேட்டால் கீழே இருப்பவர் என்ன பதில் எழுதுவார்? தரைப்படையோடு எப்படி, படை இல்லாமல் எப்படி என்று இரண்டையும் கேட்டிருந்தால், இந்தக் கதை வேறு பாதையில் போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ஜனவரி 5 அன்று கார்டன் பதில் அனுப்பினார்: ஒரே பாய்ச்சலில் கடந்துவிட முடியும் என்று கருதவில்லை, ஏராளமான கப்பல்களோடு நீடித்த நடவடிக்கை எடுத்தால் ஒருவேளை உடைத்துச் செல்லலாம்.

தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். சொல்லுக்குச் சொல் காசு என்று தெரிந்ததும், கவுண்டரில் நிற்பவர்கள் படிவத்தில் முதலில் அடிப்பது 'ஒருவேளை', 'முடிந்தால்' போன்றவற்றைத்தான். கார்டன் அதை அடிக்கவில்லை. தன் தயக்கத்தையும் சேர்த்தே அனுப்பினார். அது லண்டனுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே மேஜைக்கு வந்த பிறகுதான் காணாமல் போனது. வெளிக்கோட்டைகளை அழித்துப் பார்க்காமல் உறுதியான கருத்துக்கு வர முடியாது என்பதே தன் எண்ணம் என்று பின்னாளில் தோல்வி பற்றிய அரசு விசாரணையில் அவர் விளக்கினார். அந்த விளக்கத்துக்கு இரண்டு வருடம் முன்பே திட்டம் புறப்பட்டுவிட்டது.

ஜனவரி 6 அன்று சர்ச்சில் மறுபடியும் தந்தி கொடுத்தார். உங்கள் கருத்தை இங்குள்ள உயர் அதிகாரிகள் ஏற்கிறார்கள், விவரமான திட்டம் அனுப்புங்கள் என்றது அது. இந்த மாதம் முழுவதிலும் என்னை அதிகம் உறுத்துவது இந்தத் தந்திதான். யார் அந்த உயர் அதிகாரிகள்? பெயர் இல்லை. ஃபிஷரும் அதில் ஒருவர் என்று கார்டன் எடுத்துக்கொண்டார். தான் குறிப்பிட்டது அட்மிரல் ஹென்றி ஜாக்சனையும் அட்மிரல் ஆலிவரையும் என்று சர்ச்சில் பிறகு சொன்னார். அந்த ஜாக்சனோ, கப்பல்கள் தனியாக உள்ளே போனால் என்ன இழப்பு வரும், கரையைப் பிடிக்கப் படை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஜனவரி 5-ஆம் தேதியிட்ட குறிப்பிலேயே எச்சரித்திருந்தார். தூரத்தில் கப்பலில் இருக்கும் தளபதிக்கு அந்தக் குறிப்பின் நகல் போயிருக்க வேண்டும். போனதோ, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்ற தோற்றம் மட்டும்.

ஜனவரி 11 அன்று கார்டனின் திட்டம் வந்தது. நான்கு கட்டம்: முகத்துவாரக் கோட்டைகள், உள்ளே கெஃபெஸ் முனை வரை, பிறகு சானாக் அருகே குறுகலான பகுதியின் கோட்டைகள், கடைசியில் கண்ணிவெடிகளை அகற்றி ஜலசந்திக்கு அப்பாலுள்ள மர்மரா கடலுக்குள். 12 போர்க்கப்பல், 3 போர்க் குரூசர், 16 நாசகாரிக் கப்பல், 6 நீர்மூழ்கி, 12 கண்ணிவெடி அகற்றும் கப்பல் என்று பட்டியல். எதிரியின் மனோதிடத்தையும் வானிலையையும் பொறுத்தது என்று சொல்லிவிட்டு, ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிக்கலாம் என்றார். ஆனால் பிறகு தரைப்படையும் இறக்கப்பட்டு, கடைசிப் பிரிட்டிஷ் படை கலிப்பொலியை விட்டு வெளியேறியது 1916 ஜனவரி 9 அன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தந்திகள் போய் வந்துகொண்டிருந்த அதே முதல் வாரத்தில், காகசஸில் நடந்த சாரிகாமிஷ் போரில் ரஷ்யரிடம் துருக்கியப் படை நொறுங்கிவிட்டது. உதவி கேட்ட காரணமே தீர்ந்துபோனது. ஆனாலும் கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை.

கேள்வி: ஃபிஷருக்குத் திட்டம் பிடிக்கவில்லை என்கிறார்களே, ஏன் வாய் திறக்கவில்லை?
(பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்)

பதில்: முதலில் அவரே கை கொடுத்தார். புதிய குவீன் எலிசபெத் கப்பல் தன் 15 அங்குலப் பீரங்கிகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. டார்டனெல்ஸ் கோட்டைகள் மேலேயே சுட்டுச் சோதிக்கலாம் என்ற யோசனை அவருடையது. அந்தக் கப்பலின் பெயர் சேர்ந்ததும் திட்டத்தின் மதிப்பே உயர்ந்துவிட்டது.

ஜனவரி 13 அன்று, போரை நடத்தும் முடிவுகளை எடுக்கும் அமைச்சர்கள் குழுவான போர்க்குழு கூடியது. கான்ஸ்டான்டிநோபிளை இலக்காகக் கொண்டு, கலிப்பொலி தீபகற்பத்தைக் குண்டு வீசிக் கைப்பற்ற, பிப்ரவரியில் கடற்படைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்வது என்று முடிவு எழுதப்பட்டது. கப்பல்கள் ஒரு தீபகற்பத்தை எப்படிக் கைப்பற்றும்? நிலத்தில் கால் வைப்பது யார்? கூட்டத்தில் இருந்த எவரும் இதைக் கேட்டதாகக் குறிப்பு இல்லை. அந்த ஒரு வாக்கியத்தின்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தணியவில்லை.

பிறகு ஃபிஷர் மனம் மாறி, ஜனவரி 25 அன்று தன் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தார். போர்க்குழு உறுப்பினர்களுக்கு அது போகவில்லை. 28-ஆம் தேதிக் கூட்டத்தில் பேச்சு டார்டனெல்ஸுக்குத் திரும்பியதும் எழுந்து வெளியேறப் பார்த்தார். கிச்சனர் பின்னாலேயே போய், ஜன்னலருகே நிறுத்தி, எதிர்ப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லித் திருப்பி அழைத்து வந்தார். அன்று மாலைக்குள் ஃபிஷரும் சம்மதித்தார். மே 15 அன்று ராஜினாமா செய்தார். அமைச்சர் இருக்கும் சபையில் அவரை மறுத்துப் பேசுவது நிபுணர்களின் வேலை அல்ல என்பது அவர் கொள்கை. அந்த அனுபவசாலியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இப்படிப்பட்ட மௌனத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: மார்ச் 18 தோல்விக்கான விதை அந்தத் திட்டத்திலேயே இருந்ததா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: பெருமளவு இருந்தது. கடிதங்கள் முழுக்கப் பீரங்கியும் கோட்டையும்தான். கண்ணிவெடிக்குத் திட்டத்தில் இடம் கொடுத்தார்கள். ஆனால் அதை அகற்றும் வேலை கடைசியில் மீன்பிடி டிராலர்கள் தலையில் விழுந்தது. ஓட்டியவர்கள் மீனவர்கள். ஜலசந்தியின் எதிர்நீரோட்டத்தில் அந்தப் படகுகள் ஊர்ந்துதான் போயின. கரையில் சிறிய பீரங்கிகளை இடம் மாற்றி மாற்றிச் சுட்டார்கள். வெடியை அகற்றாமல் கப்பல் கோட்டையை நெருங்க முடியாது. கரைப் பீரங்கியை அடக்காமல் வெடியை அகற்ற முடியாது. இந்த முடிச்சு ஜனவரித் தந்திகளில் அவிழ்க்கப்படவே இல்லை.

மார்ச் 8 அன்று நுஸ்ரெத் என்ற சிறிய துருக்கியக் கப்பல், எரென்கோய் விரிகுடாவில் கரைக்கு இணையாக 26 வெடிகளை இட்டுவிட்டுப் போனது. கப்பல்கள் திரும்பும் இடம் அது. பத்து நாள் கழித்து பூவே, இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் என்ற மூன்று போர்க்கப்பல்களும் மூழ்கின. பூவே சில நிமிடங்களில் போனது. 600 பேருக்கு மேல் அதோடு போனார்கள். கார்டன் அப்போது அங்கே இல்லை. உடல்நலம் கெட்டு அதற்குச் சற்று முன்புதான் விலகியிருந்தார். தலைமை தாங்கியவர் டி ரோபெக்.

கேள்வி: இந்தத் தந்திகளைச் சாதாரண மனிதர்கள் படிக்க முடியுமா?
(முதுகலை மாணவர், திருச்சி)

பதில்: முடியும். 1916-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் டார்டனெல்ஸ் விசாரணை ஆணையம் அமைந்தது. முதல் தலைவர் குரோமர் பிரபு விசாரணை நடக்கும்போதே காலமானார். வில்லியம் பிக்ஃபர்டு தொடர்ந்தார். போர் முடியாத நிலையிலேயே, 1917-இல், முதல் அறிக்கை வெளியானது. முக்கியமான தந்திகள் அதிலேயே இருக்கின்றன. மூலக் கோப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நீங்கள் அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். ஜனவரி 2 முதல் 13 வரையுள்ளவற்றை மட்டும் ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அதை யார் படித்தார், யாருக்குக் காட்டப்படவில்லை என்று குறியுங்கள். சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள்.